தில்லைநாயகியின் வெள்ளை ரத்தம்

புதன், மதியம். பாரிஸை ஒட்டிய ஒபர்வில்லியே ஆய்வுக்கூடத்தில் அந்தக் குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்த ஆய்வாளர் வனேசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தத்துக்கு மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர், வெள்ளை வெளேரென்று கலங்கியிருந்தது. குழாயில் ஒட்டியிருந்த பெயர் தில்லைநாயகி.

புற்றுக்கட்டி சும்மா இருப்பதில்லை. எக்சோசோம் என்ற பொடிப்பொடிப் பைகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அவற்றுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற துணுக்குகள். மருந்து ஏற்றுமுன் கொஞ்சம் ரத்தம், ஏற்றியபின் கொஞ்சம் எடுத்து அந்தத் துணுக்குகளை ஒப்பிட்டால், மருந்து கேட்கிறதா என்று சீக்கிரமே தெரியுமா? அதுதான் ஆய்வு. புற்றுநோயாளியான தில்லைநாயகிக்கோ காலையில் ரத்தம் எடுத்த கையோடு முதல் மருந்தும் ஏறிவிட்டது. கலங்கிய இந்த ரத்தம் உதவாது, மருந்துக்கு முந்தைய வேறு ரத்தம் இனிக் கிடைக்கவே கிடைக்காது. ஆய்வில் அவளுக்கு இனி இடமில்லை.

பாரிஸில் தமிழர்கள் நிறைந்த லாச்சப்பலில் எடுத்த ரத்தத்தைப் பெட்டியில் கொண்டுவந்தவன் கிருஷிகன். "வழியில் குழாயை உடைத்துவிட்டு வேறெதையோ நிரப்பிக் கொடுத்திருக்கிறான்" என்றாள் வனேசா. நாளையிலிருந்து வராதே என்று அவனிடமும் சொல்லிவிட்டாள்.

வியாழன், காலை. பக்கத்துப் பகுதியான மார்க்ஸ் டோர்மோயில் தன் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் எமிலிடம் போய் நின்றான் கிருஷிகன். எமில் புதுச்சேரிக் கத்தோலிக்கர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. ஓய்வு என்றாலே அவருக்குப் பாகற்காய். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் மூடியை யாரும் திறக்கவில்லை. அதே பெட்டியில் வந்த மற்றவர்களின் குழாய்கள் தெளிவாகவே இருந்தன.

"சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா, மதாம்?"

"ஆகும். ஆனால் அவர் சாப்பிடவில்லை. கேட்டுத்தான் ரத்தம் எடுத்தார்கள். மகளே உறுதியாகச் சொன்னாள்."

வியாழன், மாலை. லாச்சப்பலில் தில்லைநாயகியின் வீடு. முதல் மருந்தின் அசதியில் சோபாவில் சாய்ந்திருந்தாள்.

"நேத்து காலையில ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லை ஐயா. சோறு, பாண் ஒண்டும் தொடேல்லை. விரதமெல்லோ."

"புதன்கிழமையில என்ன விரதம்?"

"டொக்டர் சொன்ன விரதம்."

எமில் மகள் கஜனியின் பக்கம் திரும்பினார். பாரிஸில் பிறந்தவள், பிரெஞ்சு தெரியாத அம்மாவின் ஆஸ்பத்திரிப் பேச்சுக்கெல்லாம் அவள்தான் வாய்.

"டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னார்?"

"பிரெஞ்சிலை 'ஆ ஜன்' எண்டு சொன்னவர்."

"அதை அம்மாகிட்ட எப்படிச் சொன்ன?"

"விரதம் எண்டு சொன்னனான், அங்கிள். சாப்பிடாமல் இருக்கிறது விரதம்தானே?"

எமிலுக்கு மனசு சங்கடப்பட்டது.

"விரதத்தை எங்க வீட்டுல ஒருசந்தின்னு சொல்லுவோம். அதுல ஒருவேளை சாப்பாடு உண்டு. ஆ ஜன்னா வெறும் வயிறு. விரதம்னா வயிறு காலின்னு அர்த்தமில்ல. அம்மா, பால் குடிச்சீங்களா?"

"ஓம். ரெண்டு கிளாஸ், ஆடையோடை. ஒரு வாழைப்பழமும். விரதத்துக்குப் பால், பழம் எடுக்கலாம்தானே?"

அந்தப் பாலின் கொழுப்புத்தான் குழாயில் வெள்ளையாக நின்றது. கொழுப்புத் துகள்கள் எக்சோசோம்களோடு கலந்துவிட்டால் கணக்கெல்லாம் தப்பிப் போகும்.

"கிருஷிகன் மேல தப்பில்ல" என்றார் எமில். "வெறும் வயிறுன்னு சொல்லவேண்டிய இடத்துல நீ விரதம்னு சொல்லிட்ட, கஜனி. அவ்வளவுதான்."

எத்தனையோ பேரைக் குற்றவாளி என்று கைகாட்டியவர். இந்தப் பெயரைச் சொன்னதற்கு மட்டும் வருத்தப்பட்டார். கிருஷிகனுக்கு வேலை திரும்பிவிடும், தில்லைநாயகிக்கு ஆய்வில் இடம் திரும்பாது.

கஜனி அழத் தொடங்கினாள். தில்லைநாயகி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"அழாதை பிள்ளை. வெள்ளைக்கார டொக்டரே விரதம் பிடிக்கச் சொல்லுறார் எண்டு நீ சொன்ன பிறகுதான், அந்த மருந்திலை எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது."