அம்பு திரும்பிய நாள்

கட்டுப் பிரிக்கும் நேரம். உலகம்மை வலிப்பகிர்வியின் பட்டையைத் தன் மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டாள். இன்னொரு பட்டை அவள் புருஷன் கோமதிநாயகத்தின் கையில். பேருந்துகளுக்கு மின்னேற்றும் பணிமனையில் பற்றிய தீயில் அவனுக்கு மார்பும் முதுகும் வெந்து இன்றோடு பத்தொன்பது நாள்.

இந்தக் கருவி வந்தபிறகு எந்தத் தீக்காய வார்டிலும் நோயாளி தனியாகத் துடிப்பதில்லை. சொந்தக்காரர் ஒருவர் பட்டையை மாட்டிக்கொண்டால் போதும். மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற கதைதான்: வலி கூடிய உடம்பிலிருந்து குறைந்த உடம்புக்கு ஓடிவிடும். தாங்கிக்கொள்ள ஒரு வழியாவது கிடைத்ததே என்று உலகம்மைக்குச் சந்தோஷம்கூட.

ஆனால் இதென்ன கொடுமை! புண் ஆற ஆற மனுஷனின் அலறல் அல்லவா கூடுகிறது?

செவிலியர் ஜெபராணி கருவியின் திரையைப் பார்த்தாள். சட்டென்று பட்டையைக் கழற்றிவிட்டு, உலகம்மையை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"எம்மா, உண்மையச் சொல்லு. சாப்பிட்டியா?"

"விரதம் சிஸ்டர். அவுக எந்திரிச்சு நடக்க வரைக்கும் ஒருவேளைச் சோறு, வெறுந்தரையில படுக்கைன்னு மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன்."

"உறக்கம்?"

"கண்ண மூடுனா அவுக எரியுறதுதான் தெரியுது. எங்க உறங்க?"

ஜெபராணி தலையில் கைவைத்தாள். "வலி ஓடுற பக்கத்தக் காட்டுற அம்பு திரையில திரும்பிருச்சும்மா. எட்டு நாளா உங்கிட்ட இருந்துதான் அவருக்குப் போகுது. புண்ணு, பசி, பயம்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. நாங்களும் அவரத்தான் பாத்தோமே தவிர ஒன்னைய ஒருநாளும் பாக்கல."

உலகம்மை ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு கேண்டீனில் ஆறு இட்லியை அழுதுகொண்டே விழுங்கினாள். மாத்திரை போட்டுத் தூங்கினாள். மறுநாள் பட்டையை மாட்டியதும் அம்பு அப்படியேதான் நின்றது. பயப்படக் கூடாதே என்று பயந்தாள். அம்பு இன்னும் நீண்டது. அதற்கு அந்த ஆஸ்பத்திரியில் யாரிடமும் மருந்து இல்லை.

மூன்றாம் நாள் வேறு ஆளை உட்காரவைத்தார்கள். பெயர் திரவியக்கனி, ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் காய் நறுக்குகிறவள். கோமதிநாயகம் யார் எவர் என்றே அவளுக்குத் தெரியாது. பட்டையை மாட்டிக்கொண்டு கைபேசியில் சீரியல் பார்த்தாள். கட்டுப் பிரித்து முடியும்வரை கோமதிநாயகத்திடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

வெளியே வந்த திரவியக்கனி, "இம்புட்டுதானாக்கா? கடுகு தெறிச்ச மாதிரி இருந்துச்சு. இதுக்கா இத்தன நாளு அந்தக் கத்து கத்துனாரு?" என்றாள்.

எட்டு நாளாக அவன் கத்தியது எதற்கென்று இப்போது உலகம்மைக்குத் தெரியும். அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உள்ளே போனாள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் முதல்முறையாகக் கோமதிநாயகம் சிரித்தான்.

"ஏட்டி உலகு, அந்தம்மா கைராசியப் பாத்தியா? இனிமே அவங்களே இருக்கட்டும். நீ வீட்டுக்குப் போ. நீ பக்கத்துல இருந்தா என்னமோ வலி தாங்க முடியல."

"சரிங்க" என்றாள் உலகம்மை, சிரித்த முகமாகவே. வேறென்ன சொல்வாள், பாவம்!