பெருக்கல் குறி போட்ட பக்கம்

என் தங்கை குடிவந்த வீடு ஒரே ஒரு அறை. கட்டிலை விரித்தால் கதவு திறக்காது. துணி வெட்ட இடமில்லாமல் தரையில் குனிந்து குனிந்து அவள் முதுகு போய்விட்டது. அந்த வீட்டில் அடுப்பெரிவதே அவள் கைத்தையலில்தான். நான் தச்சன், அதற்கு மேல் அண்ணன். சும்மா இருக்க முடியுமா? சுவரோடு மடக்கி நிறுத்துகிற மேசை செய்து தருகிறேன் என்று ஒரு மதியம் பலகையோடு போய் இறங்கினேன்.

பென்சிலால் கோடிழுத்து, வெட்டித் தள்ள வேண்டிய பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். இல்லாவிட்டால் நல்ல துண்டு குப்பைக்குப் போய்விடும்.

“என்ன மச்சான், கணக்குப் பரீட்சையா?” என்றார் மாப்பிள்ளை. கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மேசையைத் தாங்கும் சட்டத்தில் நான் காலையிலேயே நான்கு துளை போட்டு வைத்திருந்தேன். அதைச் சுவரில் வைத்ததும் மேலே பூசியிருந்த பட்டி உதிர்ந்தது. உள்ளே நான்கு பழைய ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் மர ஆப்பு அடைத்திருந்தது. என் துளைகளுக்கு நேராக, மயிரிழை பிசகாமல்.

சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

“வேணாம் மாப்பிள்ளை. பழைய ஓட்டை புடிக்காது, தள்ளிப் போடுவோம்.”

“வலிய வர்றத வேணாங்கறீங்களே!” என்று குறடால் ஆப்பைப் பிடுங்கினார். அதன் முனை சிவப்பாக நனைந்திருந்தது. பச்சை மாமிச வாடை அடித்தது. “ஓதம் அடிச்ச சுவர், வேற ஒண்ணுமில்ல,” என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு திருகாணிகளை முடுக்கினார்.

மேசை நன்றாகவே அமைந்தது. இரண்டு பக்கமும் சங்கிலி, கீலில் சத்தமே இல்லை. தங்கைக்கு வாயெல்லாம் பல். துணியை விரித்து, சுவரோரச் சுருக்கத்தை நீவக் கையை நீட்டினாள். என் பென்சில் அந்த ஓரத்தில்தான் கிடந்தது.

பலகை தானாக எழுந்தது.

படாரென்று சுவரில் அறைந்தது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவள் கை முழங்கை வரை உள்ளே இருந்தது. பலகையோ சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை. அப்படியானால் கை எங்கே?

மாப்பிள்ளை பலகையைப் பிடித்து இழுத்தார். அது திறந்து அவர் முகத்தில் அடித்து மறுபடி மூடியது. பல் தெறித்தது. மறுபடி திறந்தது. மறுபடி அடித்தது. அவர் சுருண்டு விழுந்தார்.

தங்கை அலறவில்லை. என்னைப் பார்த்து முணுமுணுத்தாள்.

“அண்ணா, உள்ள யாரோ என் கையப் புடிச்சிருக்காங்க.”

“இழும்மா!”

“விட மாட்டேங்கறாங்க. ஏதோ வரையறாங்க.”

சுத்தியலை எடுத்தேன். கண்மண் தெரியாமல் அடித்தேன். பலகை பிளந்தது, கீல் பிய்ந்தது. துளை நான்கிலிருந்தும் ரத்தம் என் முகத்தில் பீச்சியது. சட்டம் கழன்று விழுந்த பிறகுதான் கை வெளியே வந்தது. விரல்கள் வெவ்வேறு பக்கம் மடங்கியிருந்தன.

மணிக்கட்டைச் சுற்றி ஒரு பென்சில் கோடு. விரல் பக்கத்தில் பெருக்கல் குறி.

எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அழிந்துவிட்டது. பென்சிலை மட்டும் எங்கு தேடியும் காணோம்.

அன்றைக்கே வீட்டைக் காலி செய்தோம். கை பிழைக்குமா என்று நான் தூங்காத தூக்கம் எனக்குத்தான் தெரியும். நேற்று ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது. மணிக்கட்டில் கோடும் இல்லை, குறியும் இல்லை. அவள் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டியபோது நான் குழந்தை மாதிரி அழுதேன்.

“எதுக்குண்ணா அழற? அதான் கை வந்துருச்சே,” என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டக் குனிந்தாள்.

பின்னல் முன்னால் சரிந்தது.

பிடரியில், நேராக, ஒரு பென்சில் கோடு.

பெருக்கல் குறி தலைப் பக்கம் இருந்தது.