இராசாத்தியின் கண்ணாடியில் விழுந்த வெள்ளை

கல்லடியில் வாவிக்கரையோரமாகப் போகும் ஒழுங்கையின் கடைசி வீடு இராசாத்தியினுடையது. இராசாத்தி செத்த பிறகும் அது இராசாத்தி வீடுதான். செத்துப்போனதற்காக யாரும் வீட்டின் பெயரை மாற்றிவிடுவதில்லை. சுதாகரன் அங்கே போய் மோட்டார் சைக்கிளை நிறுத்தியது ஒரு காலை நேரம். வெயில் இருந்தது. காகம் இருந்தது. மீன்காரனின் ஹோர்ன் சத்தம்கூட இருந்தது. பயப்படுவதற்கு வேண்டிய எதுவும் அங்கே இருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வந்த வேலை சிறியது. முப்பத்தோராம் நாளுக்குச் சுவரில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும். சாவுத் துடக்கு கழியும்வரை அம்மாவின் சாமான் ஒன்றும் படலை தாண்டக் கூடாது என்று மகள் கண்ணகை ஒற்றைக்காலில் நின்றதால், ஸ்டூடியோக்காரன்தான் படத்தைத் தேடிப் போகவேண்டி வந்தது.

இருந்தது ஒரேயொரு படம். யாரோ கலியாண வீட்டில் எடுத்து லேமினேட் செய்து கொடுத்தது. இராசாத்தி தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, தடித்த சட்டம் போட்ட கண்ணாடியோடு இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் இல்லை. இரண்டு வெள்ளை வட்டங்கள் இருந்தன.

“பிளாஷ் அடிச்சிரிக்கு அக்கா,” என்றான் சுதாகரன். “கண்ணாடி போட்டவங்களுக்கு இதுதான் கரைச்சல். அத எடுத்துட்டுக் கண்ணத் திறந்து தாறன்.”

கண்ணகை வாயைத் திறந்தாள். அண்ணன் நல்லரத்தினத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“திறக்க ஏலுமா தம்பி?” என்று கேட்டார் நல்லரத்தினம்.

“அதுதானே எங்கட தொழில்.”

“அப்ப திறந்து தாங்க.”

அவருடைய குரல் உடைந்திருந்தது. பாசம் என்று சுதாகரன் நினைத்தான். பாசம்தான். அந்தப் படத்தைக் கைபேசியில் நாலைந்து முறை எடுத்துக்கொண்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் புறப்பட்டான்.

முகத்தில் விழுந்த வெளிச்சத்தைத் துடைப்பதில் மட்டக்களப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சுதாகரனே சொல்வான். மறுத்துச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. சூரியனுக்கு எதிரே பிடித்த படத்தில் குறுக்கே ஓடும் ஒளி வளையம், நெற்றியில் மினுங்கும் எண்ணெய், பிளாஷில் சிவந்த கண் எல்லாம் அவனுக்குப் பல் விளக்குகிற மாதிரி. ஒருமுறை வெல்லாவெளி மாப்பிள்ளை ஒருவரின் வழுக்கையில் விழுந்த வெளிச்சத்தைத் துடைக்கப்போய்க் கையோடு முடியும் முளைத்துவிட்டது. பெண் வீட்டார் கலியாணத்தன்று வேறு ஆள் வந்திருக்கிறார் என்று சண்டை பிடித்தார்கள்.

ஆனால் மூக்குக்கண்ணாடியில் விழுகிற வெளிச்சம் வேறு விஷயம். நெற்றியில் வெள்ளையைத் துடைத்தால் அடியில் தோல் இருக்கும். கண்ணாடியில் துடைத்தால் அடியில் ஒன்றும் இராது. அங்கே வைப்பதற்கு வேறொருவரின் கண்ணை வெட்டிக் கொண்டுவர வேண்டும். அதே சாய்வு, அதே பக்கத்து வெளிச்சம் உள்ள முகமாகப் பார்த்து எடுத்து, வயதுக்கேற்பச் சுருக்கம் கீறி, கொஞ்சம் மங்கலாக்கிவிட்டால் பெற்ற பிள்ளைக்கும் தெரியாது.

அவனுடைய கணினியில் ஊரிலுள்ள அடையாள அட்டை முகங்களெல்லாம் கிடந்தன. அவை அத்தனையும் நேராகப் பார்த்தன. இடப்பக்கம் சாய்ந்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தம்பியின் கலியாணத்தில் அவனே எடுத்த படம். அவன் மனைவி பிரஷாந்தி.

முதலில் வெள்ளையைத் துடைத்தான்.

அது பிடிவாதமான வெள்ளை. இடக்கண்ணில் துடைத்துவிட்டு வலக்கண்ணுக்குப் போய்வந்தால், ஆறுகிற பாலில் ஆடை கட்டுவதுபோல் இடக்கண்ணில் மறுபடி கட்டியிருந்தது. பிளாஷ் வெளிச்சம் அப்படிச் செய்வதில்லை. அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் வேலையில் இறங்கிவிட்டவன் அதை யோசிப்பதில்லை. கடைசியில் வெள்ளை போயிற்று. பிரஷாந்தியின் கண்களை வைத்தான்.

ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்த வீட்டுக் குசினியிலிருந்து பிரஷாந்தியின் சத்தம் வந்தது.

“இஞ்சேருங்க, ஏன் லைட்ட நூத்தீங்க? இருட்டாக் கிடக்கு.”

வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“பகல்ல என்ன லைட்டு புள்ள?”

குசினியில் ஒரு செம்பு விழுந்து உருண்டது. “ஓம், வெளிச்சம் வந்திட்டு,” என்றாள்.

அச்சடித்த படத்துக்குச் சட்டம் போட்டது காத்தான்குடி முனாப் நானா. கண்ணாடியைத் துடைத்துப் படத்தின் மேல் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

“தம்பி, இந்தக் கண்ண நான் எங்கயோ பாத்திரிக்கன்.”

“எங்க நானா?”

“உங்கட வீட்ட வந்த நேரம். எனக்குச் சீனி போடாமத் தேத்தண்ணி தந்திட்டுச் சிரிச்சிச்சே, அந்தக் கண்.” ஆணியை வாயில் கவ்விக்கொண்டு சட்டத்தைப் பூட்டினார். “உசிரோட இரிக்கிறவங்கட கண்ணப் போய்ச் செத்தவங்களுக்குக் குடுக்கிறதாடா?”

“படந்தானே நானா.”

“படந்தான்,” என்றார் முனாப் நானா.

முப்பத்தோராம் நாள் காலை படத்தை மாட்டி, மாலை போட்டு, விளக்கேற்றினார்கள். சுதாகரன் அங்கே போகவில்லை. வீட்டில் பிரஷாந்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“ஆரு எனக்கு மாலை போட்டது?” என்றாள் மெதுவாக.

சுதாகரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கண்ணுக்கு இரு பக்கமும் செவ்வந்திப்பூ தொங்குகிறது என்றாள். நீலச் சுவர் வைத்த விறாந்தை என்றாள். தடித்த பொம்பிளை ஒருத்தி தன்னைப் பார்த்து அழுகிறாள் என்றாள்.

“அவட தோள்ல ஒரு மச்சம். ஆரு அது?”

கண்ணகையின் தோளில் மச்சம் இருந்தது. சுதாகரனுக்கு அது தெரியும். பிரஷாந்தி கண்ணகையைக் கண்டதே இல்லை.

முதலில் விளக்கு எரிகிற நேரத்துக்கு மட்டும்தான் அந்தக் காட்சி வந்தது. விளக்கு அணைந்தால் அவளுக்குத் தன் வீடு தெரியும், புருசன் தெரிவான், கருகிய சோறு தெரியும். அப்படியே போயிருந்தால் எப்படியும் சமாளித்திருக்கலாம். ஆனால் எண்ணெய் ஊற்ற அலுத்துப்போன நல்லரத்தினம், அணையாமல் எரியட்டும் என்று சிவப்பு பல்ப் விளக்கொன்றை வாங்கிப் படத்துக்கு முன்னால் பூட்டிவிட்டார்.

அன்றிலிருந்து பிரஷாந்தி தன் வீட்டைப் பார்க்கவில்லை. கரண்ட் போய்ப் பல்ப் அணைந்த நேரத்திலும் அவளுக்குத் தெரிந்தது அந்த வீடுதான்.

கண் வைத்தியர் இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கண்ணைத் தான் அண்மையில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். வெளியே வரும்போது அவள் கதவு நிலையில் முட்டிக்கொண்டாள். வீட்டில் சுவரைத் தடவி நடந்தாள். காதில் தன் வீட்டுக் கோழி கூவ, கண்ணில் அந்த வீட்டுத் தொலைக்காட்சி ஓடியது. படம் மட்டும்தான், சத்தம் கிடையாது.

“நல்லரத்தினம் அண்ணன் எனக்கு முன்னால நிண்டு இடுப்புச் சாரம் மாத்துறார்,” என்றாள் ஒருநாள். “கண்ண மூடினாலும் தெரியுது. கண் என்னட்ட இல்லயே, நான் எப்பிடி மூடுற?”

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதாள்.

சுதாகரன் கணினியைத் திறந்து, செய்ததைத் திருப்பிச் செய்யப் பார்த்தான்.

கைபேசியில் எடுத்த முதல் படத்தில், அவன் கையே வைக்காத அந்தப் படத்தில், இராசாத்தியின் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது வெள்ளை இல்லை. இரண்டு குழி இருந்தது.

தம்பியின் கலியாணப் படத்தைத் திறந்தான். பிரஷாந்தி தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் இரண்டிலும் வெள்ளை.

துடைத்தான்.

ஆடை கட்டிற்று.

துடைத்தான்.

ஆடை கட்டிற்று.

அன்று பின்னேரமே இராசாத்தி வீட்டுக்கு ஓடினான். நடந்ததைச் சொல்லிப் படத்தைத் தரும்படி கேட்டான். கண்ணகை படத்துக்கு முன்னால் போய் மறித்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதீங்க. அது பிளாஷ் இல்ல.”

“மறுகா என்னக்கா?”

“அம்மாக்கு ரெண்டு கண்ணிலயும் பூ விழுந்து கனகாலம். ஒப்பரேசனுக்குப் பயந்து, மாட்டன் எண்டுட்டா. வெள்ளையப் பாத்துப் பேரப்புள்ளைகள் பயப்படுதுகள் எண்டுதான் கண்ணாடி போட்டிருந்தவ. நீங்க திறந்து தாறன் எண்டதும் எங்களுக்கு ஆசையாப் போச்சு.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “கண் தெரியாமச் செத்தவ. இப்ப நாங்க எங்க நிண்டாலும் பாக்கிறா. எப்பிடிக் கழட்டித் தாற?”

சுதாகரன் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைப்பெடுத்தான். சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

“பிரஷாந்தி, இப்ப உனக்கு என்ன தெரியுது?”

“கண்ணகை அக்காட பின்தலை,” என்றது கைபேசி. “கொண்டையில ஊசி கழண்டிரிக்கு. விழப்போகுது.”

ஊசி விழுந்தது. சிமெந்துத் தரையில் அது போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கண்ணகை மெல்ல விலகினாள். நல்லரத்தினம் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தானே ஏறி ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். கையில் கொடுக்கும்போது அவர் படத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

“எரிச்சிராதீங்க தம்பி,” என்றாள் கண்ணகை. “பழைய சாமிப் படத்தையும் நாங்க எரிக்கிறதில்ல. வாவியில விடுறதுதான்.”

எரிக்க அவனுக்கும் மனம் வரவில்லை. எரித்தால் எது எரியும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தபோது பிரஷாந்தி தன்னையே பார்த்தாள். “என்ர முகம் இப்பிடியா வத்திப்போச்சு!” என்றாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விடுங்க,” என்றாள் பிறகு. “தண்ணியோட போனாக் கண்ணும் திரும்பி வருமோ தெரியா. வராட்டி இருட்டத்தானே பாக்கப் போறன். செத்தவட முகத்துக்குள்ள இருந்து பாக்கிறத விட அது நல்லம்.”

வள்ளக்காரர் ஒருவரைப் பிடித்து, வாவியின் நடுவுக்குப் போய்ப் படத்தைத் தண்ணீரில் விட்டான். சாமிப் படங்கள் கொஞ்சத் தூரம் மிதக்கும். இது மிதக்கவில்லை. முகம் மேலே பார்த்தபடி நேரே கீழே போயிற்று.

திரும்பி வந்தபோது பிரஷாந்தி சுவரோடு ஒட்டி இருந்தாள்.

“பச்சையா இரிக்கு,” என்றாள்.

இருட்டவில்லை. பகலில் பச்சை, பின்னேரத்தில் தேத்தண்ணிச் சாயம், பிறகு கறுப்பு. இறால்கள் முகத்தின் மேலே நடந்தன. மீனொன்று வந்து கண்ணுக்கு நேரே நின்று, வாயைத் திறந்து மூடிவிட்டுப் போனது. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்று கேள்விப்பட்டு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பிரஷாந்தி அதன் தொண்டை வரைக்கும் பார்த்தாள், பாட்டுத்தான் கேட்கவில்லை.

சுதாகரன் சுழியோடிகளை இறக்கினான். வலை போட்டான். கிடைத்தது பழைய சைக்கிள் ஒன்று. சேறு படத்தை மூடிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் பச்சை குறைந்தது. ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, அவளுக்குச் சோறூட்டி, தலை வாரி, கைபிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் இருத்தினான். அவனுடைய முகத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். மறந்துபோகிறது என்று ஒருநாள் சொன்னாள்.

பிறகு மாரி வந்தது. வாவி பெருகவே, மணல் அடைத்திருந்த முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் கடலுக்கு இழுத்தது. விடாத மழையில் ஒரு பகல்பொழுது, அவன் அவளுக்கு எதிரே கதிரையில் இருந்து சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

“சேறு விலகுது,” என்றாள்.

அவன் கை நின்றது.

“ஆரோ வாறாங்க.”

“சுழியோடிகளா?”

“நடந்து வாறாங்க. கையால தடவித் தடவி.”

மழை ஓட்டில் இரைந்தது.

“ஒரு மனிசி. கண்ணாடி போட்டிரிக்கா.” பிரஷாந்தி இப்போது கிசுகிசுத்தாள். “குனிஞ்சு என்னத் தடவுறா. கண்ணாடிக்குப் பின்னால ஒண்டும் இல்லங்க. குழி.”

“பிரஷாந்தி...”

“தூக்கிட்டா. நெஞ்சோட பிடிச்சிரிக்கா. முகம் வெளியால பாத்தபடி.”

சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“பாலம் தெரியுது. கீழ இருந்து தெரியுது.”

“இப்ப றோட்டு,” என்றாள். “ஒரு மனிசர் இல்ல, ஒரே மழை.”

“இப்ப எங்கட ஒழுங்கை.”

சுதாகரன் எழுந்து முன்கதவைப் பூட்டித் தாழ்ப்பாளும் போட்டான். பின்கதவையும் போட்டான். சன்னல்களையும் இழுத்து மூடினான். வந்து அதே கதிரையில் இருந்து, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவளுடைய கண்கள் அவன் நெற்றிக்கு நேரே வெறுமையாக நின்றன.

“வாசல் கேற் தெரியுது,” என்றாள்.

பிறகு, “கதவு.”

கதவு தட்டப்படவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. மழை மட்டும் கொஞ்சம் ஓய்ந்தது.

“போயிட்டாளா?” என்று கேட்டான்.

“கிறுகாதீங்க.”

“ஏன்?”

“உங்கட முதுகு தெரியுது.”

அவன் திரும்பவில்லை. எவ்வளவோ நாளைக்குப் பிறகு பிரஷாந்தியின் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. தன் புருசனின் ஒரு பக்கத்தையாவது கண்டுவிட்ட சிரிப்பு அது.

“மெலிஞ்சு போனீங்க,” என்றாள். “சேட்டு தோளுக்குக் கீழ கிழிஞ்சிரிக்கு. ஊசி நூல எடுத்துத் தாங்க, தைச்சு விடுறன். இப்ப நல்லாத் தெரியுது.”

சுதாகரன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினான். கிழிசல் அங்கேதான் இருந்தது. அதற்குள்ளே, அவன் விரல் போகுமுன்பே, ஈரமாக இன்னொரு விரல் இருந்தது.