சத்தமில்லாத பக்கம்

தெரேசம்மா கூ கொடுத்தாள். மூன்று பதில் வரவேண்டிய இடத்தில் நாலு வந்தது.

பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு நிரை மரம் முடிந்ததும் ஒரு கூ கொடுப்பார்கள். ஆளுக்கு ஆள் கண்ணில் படாத ரப்பர் மலையில், மற்ற மூன்று பேரும் பதில் கொடுத்தால் எல்லோரும் உசிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். பன்றி முட்டினாலும் பாம்பு தீண்டினாலும் அந்த ஒரு சத்தம்தான் துணை. காட்டோரத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூ கேட்டால் பதில் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காதவன் மனுசனே இல்லை என்பார்கள்.

நாலாவது கூ மேலே, துரைக்காட்டிலிருந்து வந்தது. முடிகிற இடத்தில் லேசாக உடைந்தது. அவள் புருசன் அருளப்பனின் தொண்டை அப்படித்தான் உடையும். விடியுமுன்பே டோர்ச்சை எடுத்துக்கொண்டு பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியைப் பார்க்கப் போனவன், ஆறு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். இப்போது எட்டு தாண்டிவிட்டது. வானம் மப்புப் போட்டு, மரங்களுக்கடியில் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது.

அடுத்த நிரையின் எல்லைக்குப் போனாள். கிருஷ்ணகுமாரி சிரட்டை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, ரெண்டு தரம் கூ குடுத்தியா?"

"எனக்கு இருக்கிறது ஒரு தொண்டைதான்க்கா. அது எம்புள்ளைங்கள ஏசுறதுக்கே பத்தல."

"மேல இருந்து ஒண்ணு வந்துச்சே."

"அண்ணனா இருக்கும். பன்னிக்குப் பின்னால போன மனுசன் பொண்டாட்டிக்கு கூ குடுக்குறாரு. கட்டி இருவது வருசம், இன்னும் ஆசை போகல பாருங்க."

தெரேசம்மா சிரிக்கவில்லை. "இருட்டோட போனவருடி. இன்னும் வரல."

கிருஷ்ணகுமாரியின் கை நின்றது. "தெஹியோவிட்டப் பக்கம் ஒருத்தனுக்குத் தொடையில பன்னி..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள். "போய்ப் பாருங்கக்கா. கங்காணி கேட்டா நான் சொல்லிக்கிறேன். கீழ இருந்து கூ குடுத்துக்கிட்டே இருக்கேன்."

மேலிருந்து மறுபடியும் வந்தது. தெரேசம்மா பதில் கொடுத்துவிட்டு ஏறினாள்.

துரைக்காடு, ரப்பருக்கு மேலே மிஞ்சிய ஒரு கீற்று. வெள்ளைக்கார துரைமார் வேட்டைக்கென்றே வெட்டாமல் விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து லயங்களில் குடியிருந்த ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்தி, தகரம் தட்ட வைத்து, கூ போட வைத்து, மரை மானையும் சிறுத்தையையும் துவக்கோடு நிற்கிற துரை பக்கம் விரட்டுவார்கள். அருளப்பனின் பாட்டனுக்கு அப்பனும் விரட்டப் போனவர். ஒரு ஞாயிறு, மரையைத் தூக்கிய கம்பிலேயே அவரையும் கட்டித் தூக்கி வந்தார்கள். துரைக்குக் குறி தப்பி நெஞ்சில் பட்டுவிட்டதாம். அதோடு பேச்சு முடிந்தது.

மரையும் முடிந்தது. சிறுத்தை குறைந்தது. சிறுத்தை குறைய, பன்றி பெருகியது. பன்றி லயத்துக்குப் பின்னாலிருந்த மரவள்ளியைத் தோண்டித் தின்றது. வயிறு காய்ந்தவர்கள் பன்றியைத் தின்னப் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிள் கிளச் கம்பியில் சுருக்கு வைத்தார்கள். சுருக்குக்குப் பன்றி எது, மற்றது எது என்று தெரியாது. மாசியில் அருளப்பனின் கம்பியில் இடுப்பு மாட்டி ஒரு சிறுத்தை தொங்கியது. வனஜீவி இலாகாக்காரனிடம் சொன்னால் பிடித்து மறியலில் அடைத்துவிடுவான். அவன் சொல்லவில்லை. அது மூன்று நாள் கத்தியது. லயம் முழுக்கக் கேட்டது. கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. தெரேசம்மாவும் டின் மீன் உடைத்துக் கறி வைத்தாள். நாலாம் நாள் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் சிறுத்தையின் தடம்கூட இல்லை.

காட்டுக்குள் கால் வைத்ததும் ரப்பர் பாலின் புளித்த வாடை அறுந்துபோய், நனைந்த சாக்கும் புகையிலையும் ஈரத் தோலும் சேர்ந்த ஒரு வாடை, ஆள் கூட்டம் இப்போதுதான் கடந்துபோன ஒற்றையடிப் பாதையில் நிற்குமே அப்படியொரு வாடை, மூக்கில் ஏறியது. ஒரு சில்வண்டு இல்லை. ஒரு குருவி இல்லை. இலையிலிருந்து சொட்டும் தண்ணீர்கூட மண்ணில் விழும் ஓசை கேட்கவில்லை.

முதல் கம்பி வைத்தபடி இருந்தது. இரண்டாவது கம்பிக்குப் பக்கத்தில் டோர்ச் கிடந்தது. பகல் வெளிச்சத்தில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ரத்தம் இல்லை. இழுத்த தடம் இல்லை.

இடது பக்கம் கூ. உடைந்த தொண்டை.

பதில் கொடுத்தாள்.

வலது பக்கம் ஒரு கூ. அது அவன் இல்லை.

பின்னால் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு தகரம். டங். டங். டங். அவசரமில்லாமல், நெல் வயலில் கிளி விரட்டுகிறவனைப் போல.

கால் தானாக ஓடியது. முள் கிழித்தது. செருப்பு போனது. முன்னால் மட்டும் சத்தமில்லை. முன்னால் மட்டும் நல்ல அமைதி. அந்தப் பக்கம் ஓடினாள்.

அருளப்பன் ஒரு தரம் சாராய வாயோடு சொல்லியிருக்கிறான்: "சத்தம் வர்ற பக்கம் மனுசன் இருக்கான், புள்ள. சத்தம் இல்லாத பக்கம் துவக்கு இருக்கு. மிருகத்துக்கு அது தெரியுமா? பயத்துல நேரா அதுக்கிட்டதான் ஓடும்."

நின்றாள்.

தன்னோடு வேறெதுவும் ஓடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மரை இல்லை. முயல் இல்லை. இந்தக் காட்டில் விரட்டுவதற்கு வேறெதுவும் மிச்சமில்லை. அவள் கொடுத்த ஒவ்வொரு பதிலும், அவள் எங்கே நிற்கிறாள் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

கீழே வெகு தூரத்தில் கிருஷ்ணகுமாரி கூ கொடுத்தாள். தெரேசம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே மறுபடியும் கேட்டது. மறுபடியும். அப்புறம் இல்லை.

செடி விலகியது.

சாக்கு போர்த்திய ஆட்கள். ஆளுக்கு ஆள் ஒரே இடைவெளி. தகரம் தட்டும் கை மட்டும் அசைந்தது. ஒருவனுக்கு நெஞ்சில் ஓட்டை. அதன் வழியே பின்னாலிருந்த இலை பச்சையாகத் தெரிந்தது. அவனை ஒட்டி, கையில் தகரத்தோடு, அருளப்பன். நேற்று அவள் பொத்தான் தைத்துக் கொடுத்த சட்டை.

"என்னாங்க..." என்றாள். அவன் திரும்பவில்லை.

இருபது வருசத்தில் ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னாள். "அருளப்பன்!"

அவன் பார்த்தான். முகத்தை அல்ல. முதலில் நெஞ்சை. பிறகு காலை. எடை பார்க்கிற பார்வை. பிறகு கையை நீட்டி அவளைக் காட்டினான்.

தகரம் நின்றது. கூ நின்றது. வரிசை முழுவதும், ஓரத்திலிருந்து ஒவ்வொருவனாக, முகத்தை மண்ணில் வைத்துக் குப்புறப் படுத்து, காதைப் பொத்திக்கொண்டது. கடைசியாக அருளப்பன், வேலை பழகினவன்போல், தகரத்தை ஓசைப்படாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தான்.

தெரேசம்மா மட்டும், சத்தமில்லாத பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.