பெட்டிக்குப் பின்னால் யார்?

கௌரியின் தம்பி செந்தூரன் இரவெல்லாம் இருமினான். அதற்குக் காரணம் என்று வீட்டில் ஆளுக்கொரு சந்தேக நபரை வைத்திருந்தார்கள்.

அம்மாவுக்கு ஐஸ்பழத்தின்மேல் சந்தேகம். அப்பாவுக்கு, மேல்மாடி பைறோஸா அன்ரி மிளகாய் வறுக்கும் புகையின்மேல் சந்தேகம். அது யுத்த காலம். வெள்ளவத்தையில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள். ஆகவே இது யாருக்கும் சிரமமாக இருக்கவில்லை.

"இனியும் இப்படி மூச்சு இழுத்தால் ஆஸ்பத்திரியில்தான் வைக்க வேண்டும்" என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"அங்க ஜெலி தருவினமோ?" என்று தம்பி கேட்டான்.

கௌரிக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது.

சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் இருவரும் அன்று பைறோஸா அன்ரி வீட்டில் தூங்கினார்கள். காலையில் அன்ரி மிளகாய் வறுத்தார். தம்பி ஒரு தரம்கூட இருமவில்லை. கீழே வந்து தன் பாயில் படுத்தான். லொக், லொக்!

"அப்பா, அன்ரி குற்றவாளி இல்ல" என்றாள் கௌரி.

"அப்ப ஆர்?"

"எங்கட அறைக்குள்ளதான் ஒளிச்சிருக்கு."

அப்பா பதறிப்போனார். "மெல்லக் கதை பிள்ளை! ஒளிச்சிருக்கு கிளிச்சிருக்கு எண்டு றோட்டுக்குக் கேக்கப்போகுது!"

றோட்டுக்குக் கேட்க வழியே இல்லை. அவர்கள் பேசுவது வெளியே போகக்கூடாதென்று ஜன்னல் எப்போதும் பூட்டியே இருந்தது. அதன் கீழே இரண்டு பெரிய பெட்டிகள். பிரச்சினை வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காகக் கட்டி வைத்தவை. அவற்றை யாரும் நகர்த்துவதில்லை. அம்மா முன்பக்கத்தை மட்டும் துடைப்பார். தம்பியின் பாய் அதற்குப் பக்கத்தில்தான்.

கௌரி மோந்து பார்த்தாள். ஈரக் காலுறை நாற்றம். பெட்டியை இழுத்தாள்.

சுவர் கறுத்து ஊறிப்போயிருந்தது. வெளியே மழைநீர்க் குழாய் வெடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பெட்டியின் முதுகிலோ வெள்ளைத் தாடி முளைத்திருந்தது.

"ஐயோ, பூஞ்சணம்!" அம்மா விளக்குமாற்றால் ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தார். தூள் பறந்தது. தம்பிக்கு மூச்சு இழுத்தது.

"கூட்டாதேங்கோ அம்மா! அது பறந்து அவன்ர நெஞ்சுக்குள்ள போகுது!"

கௌரி தம்பியை அன்ரியிடம் கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து ஜன்னலை அகலத் திறந்தாள். மூவரும் மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டினார்கள். கைகளுக்குப் பிளாஸ்ரிக் பைகள்.

"குளோரினையும் கக்கூஸ் கழுவுற அசிட்டையும் கலப்பம். டபிள் பவர்!" என்றார் அப்பா.

கௌரி போத்தலைத் திருப்பிக் காட்டினாள். "கலந்தா நச்சுப் புகை வரும் எண்டு போட்டிருக்கு. எங்களுக்குத்தான் டபிள் பவர்."

சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தார்கள். அப்போது கதவு தட்டப்பட்டது. கௌரி திறந்தாள்.

வீடு வீடாகச் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்! அவர் பார்த்தது, முகத்தை மறைத்த மூன்று தமிழர்களை. நடுவில் ஒரு பெட்டி.

"மே மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் அதட்டினார்.

அப்பா அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றார். கௌரி பெட்டியைக் காட்டினாள். "புஸ், ராலஹாமி." புஸ் என்றால் சிங்களத்தில் பூஞ்சணம்; ராலஹாமி என்பது பொலிஸ்காரரை மரியாதையாக அழைப்பது.

அவர் நம்பவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். கௌரி ஒரு துணியை நீட்டினாள், மூக்கைக் கட்டச் சொல்லி. அதையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, வெறும் மூக்கோடு குனிந்தார்.

உள்ளே அம்மாவின் கூறைச்சேலை, பச்சைத் தாடியோடு.

"ஹச்!" அவருடைய தொப்பி பறந்தது. "ஹச்! ஹச்!" ஜன்னலுக்கு ஓடித் தலையை வெளியே நீட்டினார். போகும்போது ஜன்னலைக் காட்டி, "வஹன்ன எப்பா!" என்று உத்தரவிட்டார்.

"பூட்ட வேண்டாமாம். பொலிஸ் ஓடர், அப்பா" என்றாள் கௌரி.

அப்பா ஜன்னலைப் பூட்டவில்லை. குழாயைத் திருத்தினார். தம்பியின் நாறிய பாயை எறிந்தார்கள். துடைத்துக் காயவைத்த ஓட்டப் பெட்டிகள் இரண்டும் சுவரை விட்டுத் தள்ளி, செங்கல்மேல் காற்று வாங்கின.

அடுத்த கிழமை டொக்டர் தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "நல்லா இருக்கு. ஆஸ்பத்திரி தேவையில்லை."

"அப்ப ஜெலி?" என்று அழத் தொடங்கினான் தம்பி.