பாறை திருப்பித் தராத குரல்

அந்தக் கூப்பாட்டுக்கு வெள்ளைப் பாறை பதில் சொல்லவில்லை. நிம்பிலுக்கு முதலில் உறைத்தது அதுதான்.

அவள் வள்ளிக்கிழங்குப் பாத்தியில் குனிந்து, கூர்க்கோலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நெற்றியில் மாட்டிய வலைப்பை முதுகில் கனத்தது. அதற்குள், தாழை இலை விரிப்பில், இன்னும் பெயர் வைக்காத பச்சைக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மதியம் சாய்ந்ததும் வழக்கம்போலப் பள்ளத்திலிருந்து மூட்டம் கிளம்பி, ஆற்றை மறைத்து, கொடிப்பாலத்தை மறைத்து, சவுக்கு மரங்களின் இடுப்பு வரை ஏறி நின்றுகொண்டது. ஈரமண் வாசனையோடு எங்கோ பச்சை விறகு புகையும் நெடியும் கலந்து வந்தது. அப்போதுதான் எதிர்ப்பக்கம் ஓல்தா மேட்டிலிருந்து அந்தக் குரல் நீளமாக இழுத்துக்கொண்டு வந்தது.

"நிம்பி...ல் ஓ...ய்! உன் மகளப் பத்திச் சேதி இருக்கு!"

இந்தப் பள்ளத்தில் யார் இருமினாலும் பாறையும் கூடவே இருமும். பிள்ளைகள் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, அது திருப்பித் திட்டுவதைக் கேட்டு உருண்டு புரண்டு சிரிப்பார்கள். ஆனால் இந்தக் குரல் வந்தது, நின்றது, அவ்வளவுதான். மணலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்த இடம் தெரியாமல் போனது. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

நிம்பில் கோலைக் கீழே போட்டாள்.

முந்தாநாள் விடிகாலையில்தான் அவள் கணவன் கொயிம்பா மூத்த மகள் வாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓல்தா மேட்டுக்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். பிள்ளைக்கு ஒரு வாரமாக இருமல். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்பு உள்ளே குழிந்தது. கூடப் போக நிம்பில் எவ்வளவோ அழுது பார்த்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, உதிரம் நிற்கவில்லை, கால் நாலடி வைத்தால் தள்ளாடியது. "என்ன ஆனாலும் ஓல்தா மேட்டுல நின்னு கூப்பிடுறேன், காத மட்டும் தொறந்து வச்சுக்க" என்றான் கொயிம்பா. வாமி அவன் தோளிலிருந்து திரும்பிப் பார்த்து, "அம்மா, என் கெழங்கத் தம்பிக்குக் குடுத்துடாத" என்றாள். தம்பிக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. அதை நினைத்து நினைத்து இரண்டு நாளும் நிம்பில் சிரித்தாள், அழுதாள்.

மேட்டுக்கு மேடு கத்திச் சேதி சொல்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கூப்பிடுகிறவன் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டும், எந்த மேட்டில் நிற்கிறான் என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் சேதி. பதில் கொடுப்பவரும் அப்படியே. பெயர் சொல்லாத குரலுக்கு வாயைத் திறக்கக் கூடாது. மூட்டத்தில் திறக்கவே கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நெருப்பில் கை வைக்கக் கூடாது என்பதுபோல, நடக்கப் பழகும்போதே பழகிவிடுவது.

நிம்பிலுக்கும் தெரியும். நன்றாகவே தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நிம்பி...ல் ஓ...ய்! உன் மக..."

அதோடு நின்றுவிட்டது. பெற்ற வயிறு எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? பாவி மகள், இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, முறை தவறாமல் முழுசாகக் கத்தினாள்.

"நான் நிம்பி...ல்! கொயிம்பா பெண்டாட்டி! வாமியோட அம்மா! குங்கல் மேட்டுல நிக்கிறேன்! எம்புள்ள எப்படியிருக்கா? சொல்லு!"

அவள் குரல் மூட்டத்துக்குள் போனது. பாறை அதைத் திருப்பித் தரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து சேதியும் வரவில்லை. மூட்டம் மட்டும் ஒரு முழம் மேலே ஏறியிருந்தது. முதுகில் குழந்தை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது.

வேலியோரமாக யாப்பெல் வந்து நின்றாள். கொயிம்பாவின் மூத்த பெண்டாட்டி. வயிறு திறக்காதவள், வாய் மூடாதவள். நிம்பிலைக் கரித்துக்கொட்டாமல் ஒருநாளும் அவளுக்குப் பொழுது போனதில்லை. ஆனால் வாமிக்குக் காய்ச்சல் என்றதும் இரவெல்லாம் முழித்து நெஞ்சில் சூடான இலை ஒத்தடம் கொடுத்தவளும் அவள்தான்.

"ஏண்டி, இந்த மூட்டத்துல யார்கிட்ட கத்துற?"

"எதிர் மேட்டுலருந்து கூப்பிட்டாங்கக்கா. ஒனக்குக் கேக்கலையா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உன் தொண்டை மட்டுந்தான் கேட்டுச்சு." யாப்பெலின் முகம் மாறியது. "எவன் கூப்பிட்டான்? பேர் சொன்னானா?"

நிம்பில் கீழே கிடந்த கோலைக் குனிந்து எடுத்தாள். "இல்ல... சும்மா பன்னியக் கூப்பிட்டேன்" என்றாள்.

"என்னது? சத்தமா சொல்லு. தொண்டையில கெழங்கு மாட்டிக்கிச்சா?"

"பன்னியக் கூப்பிட்டேன்னு சொன்னேங்க்கா."

"இந்நேரத்துலயா? நல்லாப் பாத்த போ. பொறவு சாயங்காலம் கூப்பிட்டா ஏமாத்துறாள்னு ஒண்ணும் வராது." யாப்பெல் தலையில் அடித்துக்கொண்டு, சரிவில் கீழே இருக்கும் தன் வீட்டுக்கு இறங்கிப் போனாள். போகிற போக்கில் திரும்பி, "பேசுறப்போ வாயத் தொறந்து பேசுடி. காத்துதான் வருது" என்றாள்.

நிம்பில் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். வலி இல்லை. எதுவுமே இல்லை.

வீட்டுக்குள் நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. எத்தனையோ வருடப் புகை ஏறிய கூரைப்புல் உள்பக்கம் கறுத்து, காய்ந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. சாம்பலில் வாமியின் கிழங்கு புதைந்திருந்தது. இன்று புதிதாக மாற்றி வைத்தது. நிம்பில் குழந்தையை மடியில் போட்டு, வாமிக்குப் பாடிய அதே தாலாட்டைப் பாடினாள். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. அவள் உதடு அசைவதை வெறித்துப் பார்த்தது. அவள் இன்னும் உரக்கப் பாடினாள். அவள் காதுக்கே அது கேட்கவில்லை.

அப்போது, கீழே எங்கோ, ஆற்றங்கரைப் பக்கமிருந்து அந்தத் தாலாட்டு வந்தது.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தித் தலையை வாசல் பக்கம் திருப்பியது.

நிம்பில் எழுந்தாள். குழந்தையை அள்ளி வலைப்பையில் போட்டு, நெஞ்சோடு முன்பக்கமாகத் தொங்கவிட்டு வெளியே ஓடிவந்தாள். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. பன்றிகள் காட்டிலிருந்து வீடு திரும்பும் நேரம். சவுக்குத் தோப்பின் ஓரமாக அவளுடைய பெரிய பெட்டைப் பன்றியும் அதன் பின்னால் மற்றவையும் வரிசையாக வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ப்பூ... ப்பூ... வா வா வா..."

கூப்பிட்டது அவள் குரல். கூப்பிட்டது அவள் இல்லை.

கீழே, பாலத்துக்கு வலப்புறமிருந்து வந்தது. பெட்டைப் பன்றி நின்றது. காதை ஆட்டியது. திரும்பி, சரிவில் இறங்கத் தொடங்கியது. மற்றவையும் பின்னாலேயே போயின.

பாலத்துக்கு வலப்புறம் ஆற்றுவாய் இருக்கிறது. ஓடி வருகிற ஆறு முழுசும் அந்தக் குழிக்குள் விழுந்து மலைக்கு அடியில் போய்விடும். எங்கே வெளியே வருகிறது என்று கண்டவர் இல்லை. விளிம்பு தெரியாதபடி புல் மண்டிக் கிடக்கும் இடம் அது. நிம்பில் கத்தினாள். வாய் திறந்தது, நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. கல்லை எடுத்து எறிந்தாள். கடைசிப் பன்றியின் வால் மூட்டத்துக்குள் போனது.

ஒரு கிறீச்சிடல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் தண்ணீர் இரைச்சல் மட்டும்.

"அக்கா! யாப்பெல் அக்கா! பன்னியெல்லாம் குழிப் பக்கம் போவுது! ஓடி வா!" கீழிருந்து அவள் குரல் பதறியது. அவளே அழுதால்கூட அவ்வளவு தத்ரூபமாக அழ மாட்டாள்.

கீழ்வீட்டுப் படல் திறந்தது. கையில் கொள்ளிக்கட்டையோடு யாப்பெல் வெளியே வந்தாள். "வந்துட்டேண்டி! அப்பவே சொன்னேனே கூப்பிடாதன்னு, மூதேவி!" என்று திட்டிக்கொண்டே சரிவில் ஓடினாள். நிம்பில் பின்னாலேயே ஓடினாள். நாலு எட்டில் கால் மடங்கி, குழந்தையை அணைத்தபடி முழங்காலில் விழுந்தாள். தொடை நனைந்தது. உதிரம். கையை ஆட்டினாள், மண்ணை வாரி எறிந்தாள். யாப்பெல் திரும்பிப் பார்க்கவில்லை. கொள்ளி மூட்டத்துக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

"எங்கடி நிக்கிற?"

"இங்கதாங்க்கா. இன்னும் கொஞ்சம் வா."

"கண்ணு தெரியல... ஏண்டி, எங்க..."

சிவப்பு அணைந்தது.

நிம்பில் அழுதாள். அந்த அழுகையும் சத்தமில்லாமல்தான் வந்தது. இத்தனை வருடமாகத் தன்னை ஏசிய வாய் இன்னொருதரம் ஏசாதா என்று ஏங்கினாள். ஏசவில்லை.

அந்த நேரம் பார்த்து, எதிர் மேட்டின் உச்சியில் ஒரு பந்தம் தெரிந்தது.

"நான் கொயிம்பா...! ரும்புவோட மகன்! ஓல்தா மேட்டுல நிக்கிறேன்!"

பாறை அதை வாங்கி, அழகாக, முழுசாகத் திருப்பிச் சொன்னது. மகன்... மகன்... நிக்கிறேன்...

"புள்ள நல்லாருக்கா! ஊசி போட்டாங்க! காய்ச்சல் விட்டுடுச்சு! நிம்பில், கேக்குதா?"

கூடவே ஒரு பொடிக்குரல். "அம்மோ...வ்! என் கெழங்கு இருக்கா?"

தெய்வமே. இருக்கிறதடி என் கண்ணே, சாம்பலில் சூடாக இருக்கிறது. வராதீர்கள். அங்கேயே இருங்கள். விடிந்ததும் வாருங்கள். நிம்பில் வயிற்றை எக்கி, தொண்டை கிழியக் கத்தினாள். கொஞ்சம் காற்று வந்தது.

"நான் நிம்பி...ல்!" என்றது பள்ளம். "கொயிம்பா பெண்டாட்டி! வாமியோட அம்மா! கேக்குதுங்க! இருக்குடி கண்ணு! வாங்க, எறங்கி வாங்க!"

பெயர் சொன்ன குரல். முறைப்படி கூப்பிட்ட குரல். யார்தான் சந்தேகப்படுவார்கள்? பாறை அதைத் திருப்பிச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கிற நிலையில் கொயிம்பா இல்லை. பிழைத்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருகிற தகப்பன் அவன். பந்தம் இறங்கத் தொடங்கியது.

நடந்து போய்த் தடுக்க இந்தக் காலால் ஆகாது. நிம்பில் தவழ்ந்து வீட்டுக்குள் போனாள். அடுப்பிலிருந்து எரிகட்டையை இழுத்தாள். கூரைப்புல்லின் காய்ந்த உள்பக்கத்தில் செருகினாள். பார்க்கட்டும். வீடு இங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன், அந்தக் குரல் நான் இல்லை என்று தெரியட்டும். புகைக்கரி படபடவென்று பற்றியது. குழந்தையோடு வெளியே உருண்டு விழுந்தாள். நெருப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே எழுந்தது. சுற்றியிருந்த மூட்டமெல்லாம் செம்மஞ்சளாக மாறியது.

எதிர்ச் சரிவில் பந்தம் நின்றது. பார்த்துவிட்டான்.

"நிம்பில்! வீடு எரியுது! என்னாச்சு?"

அவள் நெருப்புக்கு முன்னால் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து ஆட்டினாள். இதோ. இங்கே. என்னைப் பார்.

"ஏங்க! வீடு பத்திக்கிச்சு!" என்று பள்ளம் அலறியது. "பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டுக் கீழ ஓடியாந்துட்டேன்! பாலத்துக்கு இந்தப் பக்கம், புல்லுல விழுந்து கெடக்கேன்! எந்திரிக்க முடியல! சீக்கிரம் வாங்க!"

"அழுவாத! வந்துட்டேன்!"

பந்தம் இப்போது ஓடியது. பாலத்தைக் கடந்தது. வழியை விட்டு விலகியது. வலப்புறமாக, ஆற்றுவாய்ப் பக்கம்.

வேண்டாம்.

வேண்டாம்.

முதுகில் அனல். வாய் திறந்தபடி. சத்தம் இல்லை.

பந்தம் புல்லுக்கு நடுவே நின்றது. தள்ளாடவில்லை, விழவில்லை. மெல்லத் தாழ்ந்தது, தோளில் இருக்கும் பிள்ளையை இறக்கிவிடக் குனிகிறவன் கையில் இருப்பதுபோல.

"அம்மா, இருட்டா இருக்கு" என்றாள் வாமி.

"இங்கதான் இருக்கேன், கண்ணு. கைய நீட்டு."

நிம்பிலின் மார்போடு தொங்கிய குழந்தை, தாயின் குரல் கேட்டு, அழுகையை நிறுத்திவிட்டுப் பள்ளத்தைப் பார்த்துச் சிரித்தது.