வடிகாலின் வெப்பநிலை

திருகோணமலைத் துறைமுகக் குடாவைச் சூழ வாழும் மாந்தர்க்கும் மீன்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: குளிரறைகளின் இருண்ட காலம் முடிந்தது. தமது கம்பனியின் தலைவரும் பொறியியலாளரும் ஒரேயொரு ஊழியருமான இக்ராம், கிண்ணியாவில் மைமூனாவின் பழைய மீன் குளிரறைக்கு எழுந்தருளிவிட்டார்.

கதவு திறந்ததும் எழுந்தருளியவருக்குக் குமட்டியது. அழுகிய மீன் வாடை அவருக்குப் பழக்கம். இது வேறு. கழுவாத வாயிலிருந்து வரும் இனிப்பு வாடை.

"எத்தினை தரம் கழுவினனான் தம்பி, போகுதில்ல," என்றாள் மைமூனா, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி. "பின்னேரம் கொழும்பு லொறி வரும். குளிர் சரியெண்டு திரையில காட்டாட்டி மீன் ஏத்தாங்க. பிறகு கடையை மூட வேண்டியதுதான்."

"ராத்தா, இனி இந்த அறையே உங்களோட கதைக்கும்."

உள்ளே வெப்பமானி பூட்டிய, அளவைக் காற்றில் அனுப்பும் வயர்லெஸ் மொடியூல் ஒன்று. வெளியே மேசையில் அதைக் கேட்கும் இன்னொன்று, சிறு திரையோடு. முதலில் ஒன்றும் வரவில்லை. வயரை ஆட்டினார், பிடுங்கிச் செருகினார், ஊதினார். நிபுணர்கள் எல்லோரும் செய்வதுதான்.

திரை விழித்தது. 36.8.

உள்ளேயோ சுவரெல்லாம் ஐஸ் பூத்திருந்தது. உள்ளிருந்த மொடியூலை வெளியே கொண்டுவந்து பற்றரியைக் கழற்றினார்.

36.8.

"பக்கத்தில ஆரோ இதே புரோகிராமைப் போட்டிருக்கிறான், அவன்ட அளவுதான் இஞ்ச வருது," என்றார். அவர் புரோகிராம் எழுதுபவரல்லர். இணையத்தில் கிடக்கும் மாதிரியை, மொடியூல்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் முகவரிகூட மாற்றாமல், அப்படியே ஒட்டுபவர். ஊரில் எல்லோரும் அப்படித்தான். இன்று முதன்முறையாகத் தாமே யோசித்து ஒரு முகவரி போட்டார். யாருக்கும் சொல்லவில்லை.

திரை சற்று யோசித்தது.

36.8.

திரையைக் கையிலேந்தி உள்ளே போனார். மூலையிலிருந்த வடிகாலை நெருங்க நெருங்க எண்கள் அவசரமாக வந்தன. மூடியைத் தூக்கினார். மீன்குடலும் தலைமயிரும் பின்னிய சாம்பல்நிறக் கோழை. அந்தக் குளிரிலும் அதிலிருந்து ஆவி எழுந்தது.

"கைய விட்டுப் பாருங்க," கதவடியில் நின்று மைமூனா கிசுகிசுத்தாள். "எனக்கு ஏலாது."

விட்டார்.

வெதுவெதுப்பு. வழுவழுப்பு.

பிறகு ஒரு நாக்கு, ஆறுதலாக, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக நக்கியது.

வாசலில் வந்து வாந்தியெடுத்தார். கழுவக் கழுவக் கையிலிருந்து கோழை நூல்நூலாக நீண்டது. திரையை மேசையில் வைத்து, அதோடிருந்த மொடியூலையும் பிடுங்கி மண்ணில் எறிந்தார். இனிக் கேட்பதற்குக் காதே இல்லை.

36.9.

லொறி வந்தது. அதிலிருந்து இறங்கிய மேற்பார்வையாளர் மேசையிலிருந்த திரையை நோக்கிக் குனிந்தார்.

"ஐயா, வயர்லெஸ்ஸ கழட்டியாச்சு, பாருங்க!" இக்ராம் குளிரறைப் பக்கம் கை நீட்டினார். "அந்த வடிகாலுக்குள்ள ஏதோ ஒண்டு உயிரோட கிடக்குது!"

திரை மேற்பார்வையாளரின் முகத்துக்கு நேரே 37 ஆனது. மெல்ல ஈரமாயிற்று.

மேற்பார்வையாளர் கைக்குட்டையால் அதைத் துடைத்தார், இன்னொரு தடவை வாசித்தார், லொறியைத் திருப்பச் சொன்னார்.

நாலு பாகை வெப்பத்துக்கு மேற்பட்ட மீனை அவர்கள் எடுப்பதில்லை.